கூகுள் எர்த் விஆர்: விண்வெளியிலிருந்து கடற்கரைச் சாலை வரை

புதுச்சேரியில் உள்ள ஒரு மெய்நிகர் விளையாட்டுக் கூடத்தில், தலையில் மாட்டும் திரைக்கருவி வழியாகப் பூமியின் மேல் பறப்பதுபோல் பார்க்க உதவும், 2016இல் வெளிவந்த கூகுள் எர்த் விஆர் (மெய்நிகர்) செயலியை ஒரு மணி நேரம் பயன்படுத்தினேன். எதிரே உருண்டையாக நின்ற பூமியை நோக்கி இறங்க இறங்க, முட்டை வடிவில் அமைந்த பழைய நகரமும் அதை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலும் தெளிந்துவந்த கணத்தில், சொந்த ஊரை முதன்முறையாக முழுமையாகக் கண்டதுபோல் நெகிழ்ந்தேன். உயரத்திலிருந்து பார்க்கையில் ஊர் பொம்மைக் கொலுவைப்போலச் சிறுத்துத் தெரிவதற்குக் காரணம், நம் இரு கண்களுக்கும் இடையிலுள்ள சுமார் 6 செ.மீ. இடைவெளியை மென்பொருள் பன்மடங்கு விரித்து, ராட்சதரின் கண்களால் பார்ப்பதுபோல் கணக்கிடுவதுதான். பறக்கும்போது பார்வைப் பரப்பைச் சுருக்கித் தலைசுற்றலைக் குறைக்கும் வசதியைப் புதியவர்கள் அணைத்துவிடக் கூடாது. கூடத்தில் இடம்தான் போதவில்லை, கையை நீட்டினால் சுவரில் இடிக்கிறது. அதைச் சரிசெய்தால் என் பெற்றோரையும் அழைத்துச் செல்வேன்.