கழுத்துக் கருப்புக்கு லாக்டிக் அமில லோஷன்: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மருந்துக்கடையில் கிடைக்கும் 12% அம்மோனியம் லாக்டேட் லோஷன் கருத்த தோலின் தடிப்பைக் குறைப்பதில் தேறுகிறது, நிறத்தை மாற்றுவதில் சுமார்தான். சொரசொரப்பு அடங்கவே சில வாரம் ஆகும்.

குளித்து, ஈரத்தை ஒற்றியெடுத்ததும் பட்டாணி அளவு எடுத்துப் பின்கழுத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். முதல் வாரம் இரவில் மட்டும். எரிச்சல் இல்லையென்றால் காலையிலும் பூசலாம், ஆனால் வெயில் படும் கழுத்துக்கு சன்ஸ்கிரீன் கட்டாயம். அக்குள் கருப்புக்கும் பூசுவதானால், ஷேவ் செய்த அன்று தொடவே வேண்டாம், சுரீரென்று எரியும். மடிப்பில் வழவழவென்று தேங்கினால் வேர்வையோடு சேர்ந்து அரிக்கும்.

இந்தக் கருப்பு அழுக்கல்ல. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் இன்னும் கருக்கும். ரத்தத்தில் இன்சுலின் கூடும்போது தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதே பெரும்பாலும் காரணம். அதனால் லோஷனோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பரிசோதனையும் அவசியம். எடை குறைந்தால் கருப்பும் மங்கும். லோஷனை மட்டும் நம்பினால், நிறுத்தியதும் தடிப்பு திரும்பிவிடும்.

‘சிவப்பழகு’ என்று விற்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அவை மடிப்புத் தோலை மெலியவைத்து வரிவரியாகக் கோடு விழச் செய்யும். கருப்பு திடீரென்று பரவினாலோ, வாய், உள்ளங்கையில் வந்தாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ, லோஷன் வாங்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.