அசைவு வீடியோவா, ஹேமர்ஸ்மித் பரிசோதனையா?

குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தையின் நரம்பு வளர்ச்சியைப் பார்க்க, அது தானாக அசைவதை வீடியோ எடுத்துப் பார்ப்பதா, தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடும் ஹேமர்ஸ்மித் பரிசோதனையா, இந்த இரண்டில் எதைச் செய்வது என்று பல பெற்றோர் தவிக்கிறார்கள். கீழே வரும் வயதெல்லாம் திருத்திய வயது, அதாவது டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுவது.

வயது
வீடியோ: 3 முதல் 5 மாதம். விட்டால் போச்சு.
ஹேமர்ஸ்மித்: 2 முதல் 24 மாதம்.

முறை
வீடியோ: குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துச் சில நிமிடம் எடுப்பார்கள். பொம்மை காட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது, அழும்போது எடுத்தால் பயனில்லை. கழுத்து, உடம்பு, கை கால் எங்கும் சின்னச் சின்ன நெளிவுகள் தெரிய வேண்டும். அவை அறவே இல்லையென்றால் பெருமூளை வாதத்துக்கான (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது) வலுவான எச்சரிக்கை. குழந்தையைத் தொடவே வேண்டாம் என்பது பெரிய நிம்மதி.
ஹேமர்ஸ்மித்: தொட்டு, தூக்கிப் பார்த்து 26 அம்சங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 78. இடது வலது வித்தியாசமும் பிடிபடும்.

வசதி
இரண்டுக்கும் பெரிய கருவி வேண்டாம். ஆனால் வீடியோவைப் படிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

5 மாதம் தாண்டவில்லையா, வீடியோவை முதலில் முடியுங்கள். தாண்டிவிட்டால் ஹேமர்ஸ்மித், அதைச் சில மாத இடைவெளியில் திரும்பச் செய்யலாம். முடிந்தால் இரண்டுமே நல்லது. சந்தேகம் வந்தால், நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்காமல் பயிற்சி சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.