பத்திக்குள் இலக்கணம்: ஒரு பி2 ஃபர்ஸ்ட் பயிற்சி நூல்

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கில மொழித்திறன் தேர்வின் வாசிப்பு மற்றும் மொழிப் பயன்பாட்டுத் தாளில் 75 நிமிடங்களுக்கு 52 வினாக்கள் உண்டு. அவற்றுள் மூன்றாம் பகுதி, ஒரு சிறு பத்தியில் உள்ள 8 வெற்றிடங்களை, எதிரே தரப்பட்ட சொற்களை உரிய வடிவத்துக்கு மாற்றி நிரப்பச் சொல்கிறது. அப்பகுதிக்கென்றே வந்துள்ள இந்நூலின் பத்திகள் நேர்த்தியானவை. ‘சக்ஸஸ்’ என்பதைக் கண்டதும் ‘சக்ஸஸ்ஃபுல்’ என்று எழுதிவிடத் தோன்றும். முயற்சி தோற்றது என்பதை அடுத்த வாக்கியம் வரை படித்தவரே ‘அன்சக்ஸஸ்ஃபுல்’ என்று முன்னொட்டையும் சேர்ப்பார். விடைப்பகுதியோ வெறும் சொற்பட்டியல். ஏன் அவ்வடிவம் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. தாமாகவே படிப்பவர்களுக்கு இது பெருங்குறை. தாளும் மெலிது, அழித்தெழுதினால் கிழிகிறது. சொல்லித்தர ஆசிரியர் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.