14 வருடச் சான்ட்ரோ: மூன்று முறை விற்கப் போன கதை

2011 அக்டோபரில் மதுரையில் ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார் வாங்கினேன். வெள்ளை நிறம், ரோட்டுக்கு வரும்போது 4 லட்சத்து 15 ஆயிரம். இப்போது மீட்டரில் 96 ஆயிரம் கிலோமீட்டர். ஓட்டிய அனுபவத்தில் குறை என்று பெரிதாக இல்லை. கிளட்ச் பிளேட் ஒருமுறை, ஏசி கம்ப்ரெசர் ஒருமுறை மாற்றினேன். அந்த 1.1 லிட்டர் இன்ஜின் இன்னும் முனகாமல் ஓடுகிறது. நான் சொல்ல வந்தது விலையைப் பற்றி.

மூன்று முறை விற்கக் கொண்டுபோனேன், மூன்று முறையும் அதே வண்டியில் வீடு திரும்பினேன். 2016-ல் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்குக் கேட்டார்கள். 2021-ல் ஒன்றரை லட்சம். 2025 மே மாதம் 85 ஆயிரம். கணக்குப் போட்டால், முதல் ஐந்து வருடத்தில் வருடத்துக்கு 37 ஆயிரம் கரைந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருடத்துக்கு 16 ஆயிரம்தான். புது வண்டி வாங்குகிறவன் தலையில்தான் பெரிய அடி. இன்சூரன்ஸ் அட்டவணையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: ஒரு வருடம் முடிவதற்குள் மதிப்பில் 15 சதவீதம் கழித்துவிடுவார்கள், ஐந்தாம் வருடத்தில் பாதி போய்விடும். அதற்கு மேல் அட்டவணையே கிடையாது, பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த மதிப்பைப் புரோக்கரிடம் காட்டிப் பேரம் பேசாதீர்கள். நான் காட்டினேன், சிரித்தார்.

அவர் இன்ஜினைக் கேட்பதற்கு முன் ஆர்சி புக்கைக் கேட்டார். "சிங்கிள் ஓனரா சார்?" என்றார். ஆமாம் என்றேன், முகம் மலர்ந்தது. அடுத்த பக்கம் புரட்டியதும் வாடிவிட்டது. கடன் 2016-லேயே முடிந்தும், வண்டி பேங்க் கடனில் இருக்கிறது என்று ஆர்சியில் போட்டிருந்த எச்பி பதிவை நான் கேன்சல் செய்யாமல் விட்டிருந்தேன். கடன் முடிந்தது என்று பேங்கில் கொடுத்த என்ஓசி கடிதத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்காக மட்டும் 8 ஆயிரம் குறைத்துக் கேட்டார். முழுக்க என் சோம்பேறித்தனம். பம்பரில் டச்சப் செய்ய 3 ஆயிரம் செலவழித்துவிட்டுப் போயிருந்தேன், அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2018-ல் சான்ட்ரோ என்ற பெயர் புது உருவத்தில் மறுபடி வந்தபோது பழைய வண்டிக்கும் மவுசு கூடும் என்று நம்பினேன். கூடவில்லை. 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பதில் இதுவரை சிக்கல் வரவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும்? மே மாதம் 85 ஆயிரம் சொன்ன அதே ஆள் அப்புறம் போன் செய்து, "70-ன்னா எடுத்துக்கிறேன் சார்" என்றார். இன்னொரு காரணமும் சொன்னார்: 2026 அக்டோபரில் 15 வருடம் முடிகிறது. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுத்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5 ஆயிரம். பசுமை வரி தனி, டிங்கரிங் வேலை தனி.

எல்லாம் சேர்த்து ஒரு 20 ஆயிரம் ஆகும் என்றார் என் மெக்கானிக். ஐந்து வருடம் ஓட்டலாம். சரி, 70 ஆயிரத்துக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் இதைவிட நல்ல வண்டி எது கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன். இதே மாதிரி ஒரு சான்ட்ரோதான் கிடைத்தது, அதுவும் மூன்றாவது ஓனர். எஃப்சிக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். எச்பி கேன்சலுக்குப் போன வாரம்தான் விண்ணப்பித்தேன்.