17 வயது காரும் எட்டு வருட ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கும்

என் கார் கைக்கு வந்தபோது அதற்கு 9 வயது. இப்போது 17. மீட்டர் 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்த எட்டு வருடத்தில் கை வைக்காத இடம் என்றால் கூரையும் கதவுகளும்தான். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கேட்பது ஒரே கேள்வி: "ஒரிஜினல் போடவா சார், வெளியில வாங்கிப் போடவா?"

ஒரிஜினல் என்றால் கார் கம்பெனி டப்பாவில் வருவது, வெளி பார்ட் என்றால் வேறு கம்பெனி டப்பாவில் வருவது. முதல் இரண்டு வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரிஜினல் கட்சி. அப்புறம் பில்லைப் பார்த்துப் பார்த்து எதிர்க்கட்சிக்குத் தாவினேன். இரண்டு பக்கமும் அடி வாங்கியாயிற்று.

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற எஞ்சின் மவுண்டில்தான் முதல் அடி. பழைய மவுண்டிலிருந்து கறுப்பாக ஏதோ வடிந்திருந்தது. வெளி மார்க்கெட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின, மெக்கானிக் சீக்கிரமே மாட்டியும் முடித்தார். ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கியது. உள் கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி இரண்டிரண்டாகத் தெரிந்தது. "செட் ஆயிடும் சார்" என்றார். மூன்று மாதம் பொறுத்தேன், செட் ஆகவில்லை. கழற்றிப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழையதைக் குலுக்கினால் உள்ளே மிச்சமிருந்த திரவம் களக் களக் என்றது. அதிர்வை விழுங்குவதே அந்தத் திரவம்தான். புதியது வெறும் ரப்பர் கட்டி. அன்றே ஒரிஜினலுக்கு ஆர்டர் கொடுத்தேன், நடுக்கம் போயிற்று. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்தேன்.

அதற்குப் பிறகும், எஞ்சின் சூடான பிறகு கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டில் ஏமாந்தேன். பழையதில் 88 என்று பொறித்திருந்தது, வாங்கியதில் 82. வால்வு எத்தனை டிகிரி செல்சியஸில் திறக்க ஆரம்பிக்கும் என்பதுதான் அந்த எண். ஆறு டிகிரிதானே என்று விட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதே இல்லை. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாவிட்டால் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விடும். மைலேஜ் இறங்கிய பிறகுதான் அந்த ஆறு டிகிரி உறைத்தது.

சரி, அப்படியானால் ஒரிஜினல்தான் தெய்வமா என்றால், இல்லை. கார் கம்பெனி டப்பாவில், சீல் உடையாமல் வந்த சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர்) ஒன்றரை வருடத்தில் வெடித்துவிட்டது. டப்பாவைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தேன். நான் வாங்குவதற்குப் பல வருடம் முன்னால் செய்தது. மாடல் நின்றுபோன காருக்கு ஒரிஜினல் என்று வருவதில் இப்படிக் கிடங்கில் தூங்கிய சரக்கும் உண்டு. இரும்பு தூங்கினால் பரவாயில்லை, ரப்பர் அலமாரியில் இருந்தாலும் கிழடாகும். ரேடியேட்டரும் அப்படித்தான். ஒரிஜினலில் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் விரிசல் விட்டது. வெளி கம்பெனியின் முழு அலுமினிய ரேடியேட்டர் போட்டு ஐந்து வருடம் ஆகிறது, ஒரு சொட்டுக் கசியவில்லை.

என் கண்ணைத் திறந்தது வீல் பேரிங். கழற்றிய பேரிங்கைத் துடைத்தால், கார் கம்பெனி லோகோவுக்குப் பக்கத்தில் பேரிங் செய்த கம்பெனியின் பெயரும் இருந்தது. அந்தக் கம்பெனியின் சொந்த டப்பாவில் அதே பேரிங்கை வாங்கினேன். எண் அதே, பூச்சு அதே. லோகோ இருந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம்! பாஷ், டென்சோ, வேலியோ, எஸ்கேஎஃப் போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கிறார்கள், தங்கள் டப்பாவிலும் விற்கிறார்கள். ஒரிஜினல், வெளி பார்ட் என்று நாம் இரண்டாகப் பிரிக்கிறோம். நடுவில் இருக்கிற இந்த மூன்றாவது வகையில்தான் இப்போது என் காரின் பாதிக்கு மேல் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர், கிளட்ச் செட், பேரிங் எல்லாம் இப்படித்தான். எந்தப் பாகத்தை யார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பழையதை மண்ணெண்ணெயில் கழுவி எழுத்தைப் படித்தால் போதும்.

பிரேக் பேடுக்கு மட்டும் வேறு கணக்கு. ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகளுக்கு ஈசிஇ ஆர்90 என்று ஒரு விதி இருக்கிறது. பிடிமானம் ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அந்த முத்திரை உள்ள வெளி பேடுகளை இரண்டு செட் தேய்த்துவிட்டேன். ஒரிஜினலை விடச் சக்கரத்தில் கரி கொஞ்சம் அதிகம் படிகிறது, மற்றபடி குறை இல்லை. முத்திரை இல்லாத பேடைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட்டில் மிச்சம் பிடிக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். என் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுகிறேன். பம்ப் நன்றாக இருக்கிறதே என்று விட்டால், அது கசியும் நாளில் மறுபடி முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பார்ட் என்ன விலை என்பதை விட அதை எட்ட எத்தனை மணி நேரம் பிரிக்க வேண்டும் என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். வைப்பர், பல்பு, ஏசி ஃபில்டருக்கெல்லாம் இவ்வளவு யோசனை வேண்டாம், கிடைத்ததைப் போடலாம்.

ஆயில் ஃபில்டரையும் அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தேன். ஒருமுறை மலிவாக ஒன்று போட்டதும், காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நொடி கடகடவென்று சத்தம். ராத்திரி ஆயில் கீழே இறங்காமல் பிடிக்கிற உள் ரப்பர் வால்வு சரியில்லை. ஃபில்டரை மாற்றியதும் சத்தம் நின்றது.

கழற்றிய பாகங்களை இப்போது நான் வீசுவதில்லை. டிக்கியில் ஒரு பெட்டி நிறைய அழுக்கும் கிரீஸுமாகக் கிடக்கின்றன, வீட்டில் திட்டும் விழுகிறது. போன மாதம் கிளட்ச் சிலிண்டர் புதிதாக வந்தபோது பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்தேன். புதியதில் புஷ் ராடு, அதாவது தள்ளுகிற கம்பி, 4 மில்லிமீட்டர் குட்டை. மாட்டாமலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.