நெல்லா, மக்காச்சோளமா?

நாட்டில் வருமானம் கூடக் கூட முட்டையும் கோழிக்கறியும் அதிகம் விற்கின்றன. நாமக்கல் பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் மக்காச்சோளம் போகிறது. இன்னொரு பக்கம், நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் தொழிற்சாலை வேனில் ஏறிவிடுகிறார்கள். அதனால்தான் நெல் போடுவதா, மக்காச்சோளம் போடுவதா என்று கிணற்றுப் பாசனக்காரர்கள் பலர் குழம்புகிறார்கள்.

தண்ணீர்: நெல்லுக்கு வயலில் தேங்கி நிற்க வேண்டும். மக்காச்சோளத்துக்குத் தேங்கினால்தான் ஆபத்து.

ஆள்கூலி: நெல்லுக்கு நாற்று, நடவு, களை என்று செலவு வரிசை கட்டும். மக்காச்சோளத்தில் விதை ஊன்றினால் போதும், நடவு இல்லை.

விலை: 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதாரண நெல் 2,369 ரூபாய், மக்காச்சோளம் 2,400. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் நெல்லை வாங்க அரசு கொள்முதல் நிலையம் உண்டு. மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் வியாபாரி சொல்வதுதான் விலை. இது சரியே இல்லை. நாட்டுக்குத் தேவைப்படும் பயிருக்குக் கொள்முதலும் இருக்க வேண்டும்.

பூச்சி: 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு மக்காச்சோளத்தின் பெரிய எதிரி. குருத்தை விரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். முளைத்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாய்க்கால் தண்ணீரும் பக்கத்தில் கொள்முதல் நிலையமும் இருந்தால் நெல்லை விடாதீர்கள். கிணறு மட்டும்தான், ஆளும் இல்லை என்றால் மக்காச்சோளம் போடுங்கள். அப்புறம், களிமண் பூமியில் வடிகால் இல்லாமல் அதைப் போடவே வேண்டாம்.