85 வெள்ளி ஜெபப் பலகை: என் அனுபவம்

முழந்தாள்படியிட்டு ஜெபிக்க உதவும் சின்ன மரப்பலகை ஒன்றை இணையத்தில் 85 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கினேன். தவக்காலத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து விடியற்காலை ஜெபத்துக்கு அதுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழங்கால் நன்றாக மடங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மடங்காதவர்களுக்கு இது வேண்டாம். அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கோயில் பெஞ்சில் இருக்கும் முழந்தாள் பலகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மணைப்பலகைக்குக் கொஞ்சம் உயரமாகக் கால் வைத்த மாதிரி இருக்கும். தரையில் முட்டி போட்டு, கெண்டைக்காலுக்கு மேல் பலகையைக் குறுக்கே வைத்து, அதன்மேல் உட்கார வேண்டும். பாதங்கள் பலகைக்கு அடியில் போய்விடும். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைப் பலகை வாங்கிக்கொள்வதால் கணுக்கால் நசுங்காது, கால் சீக்கிரம் மரத்துப்போகாது. பிரான்சில் 1940இல் தொடங்கிய தெய்ஸே என்ற கிறிஸ்தவத் துறவிகள் சமூகத்தின் ஜெபக்கூடத்திலும் இப்படிப்பட்ட பலகைகளில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் உண்டு.

என்னுடையது ரப்பர் மரம். அகலம் 48 செ.மீ., பின்பக்க உயரம் 19, முன்பக்க உயரம் 16. இந்த 3 செ.மீ. சரிவில்தான் எல்லாமே இருக்கிறது. இடுப்பு லேசாக முன்னால் சாய, முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. சரிவில்லாத பலகையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் கூன் விழுந்து தூக்கம் வந்துவிடும். கால்கள் கீல் வைத்து உள்பக்கமாக மடங்கும். மடித்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். எங்கள் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அது பெரிய வசதி.

குறை என்றால், காலுக்கு அடியில் ஒட்டியிருந்த துணி. நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டு, ஒரு காலில் இருந்தது சீக்கிரமே உரிந்து வந்துவிட்டது. பளிங்குத் தரையில் பலகை வழுக்க ஆரம்பித்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் பதில். இந்த விலைக்கு அது சரியில்லை. புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் துண்டு வாங்கி ஒட்டினேன், இப்போது அசைவதில்லை. இன்னொன்று, பலகை முழங்கால் சிப்பியைக் காப்பாற்றாது. தேக்காவில் வாங்கிய கோரைப்பாயை மடித்து அடியில் போட்டுக்கொள்கிறேன்.

சரி, இதற்கு 85 வெள்ளி தேவையா என்று கேட்கலாம். தேவை என்று சொல்கிறேன். காரணம் வசதி மட்டுமில்லை.

ஜெபத்தில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வருவது விண்ணப்பம்தான். அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது, சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறார். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். இவர்களுக்காகக் கேட்டு முடிக்கும்போது வெறுந்தரையில் முழங்கால் போதும் என்றுவிடும். சிலுவை அடையாளம் போட்டு எழுந்துவிடுவோம். கேட்பதோடு ஜெபம் முடிந்துபோகும். பலகையில் உட்கார்ந்தால் கேட்டு முடித்த பிறகும் இருக்க முடிகிறது. கேட்க இனி ஒன்றும் இல்லை, எழுந்திருக்கவும் தோன்றவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணன் என் கையில் இல்லை, ஆண்டவர் கையில் இருக்கிறார் என்பது உள்ளே இறங்குகிறது. வாயால் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உள்ளே இறங்க நேரம் பிடிக்கிறது.

கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசுவுக்கே நேரம் பிடித்தது. முழந்தாள்படியிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி முதலில் கேட்கிறார். அதன் பிறகுதான் உம் விருப்பப்படியே ஆகட்டும் என்கிறார். அதோடு எழுந்து போய்விடவும் இல்லை. மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்கிறார் மத்தேயு. கேட்பது தாழ்ச்சிக்கு விரோதம் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். மகன் தந்தையிடம் கேட்டார், கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொடுத்தார்.

சஹாரா பாலைவனத்தில் வாழ்ந்து 1916இல் கொல்லப்பட்ட பிரெஞ்சுத் துறவி சார்ல் தெ ஃபூக்கோவின் பெயரில் ஒரு சரணாகதி ஜெபம் உண்டு. 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் உயிரோடு இருந்தவரை அவரோடு சேர்ந்து நிலைத்து நிற்க ஒரு துறவுச் சகோதரர்கூட வரவில்லை. அப்படிப்பட்டவருடைய ஜெபம் என்பதால்தான் எனக்கு அதில் நம்பிக்கை. நீர் என்னை என்ன செய்தாலும் அதற்கு நன்றி என்ற பொருளில் ஒரு வரி அதில் தொடக்கத்திலேயே வரும். அண்ணனுக்கு உடம்பு மோசமான நாட்களில் அந்த வரியில் நின்றுவிடுகிறேன். அவசரப்பட்டுத் தாண்டுவதில்லை. பலகை இருப்பதால் அங்கேயே நிற்கவும் நேரம் இருக்கிறது.

எங்கள் ஜெபக் குழுவில் ஒரு அக்காவுக்கு இந்தப் பலகை பிடிக்கவில்லை. “ஆண்டவரின் சகோதரர் யாக்கோபுக்கு முழங்கால் ஒட்டகத்துக்குப்போல் காய்த்துக் கிடந்ததாம். நீ என்னம்மா உட்கார்ந்துகொண்டு ஜெபிக்கிறாய்?” என்றார். யாக்கோபைப் பற்றி அப்படி ஒரு பழைய குறிப்பு இருப்பது உண்மைதான். பழங்கால ஆயர் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்து எழுதியிருக்கிறார். ஆனால் 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்காக் காலத்திலும் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று விதித்தது. உயிர்த்தெழுந்தவரின் நாளில் நிற்பதே மரியாதை என்று பார்த்தார்கள். ஆக, வலியைத் தாங்குவதுதான் தாழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் பாட்டிகள் பெஞ்சைப் பிடித்து மெல்ல முட்டி போடுவதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும். அதே பெஞ்சில் முடியாமல் உட்கார்ந்தே கைகூப்புகிறவர்களும் ஆண்டவருக்கு முன்னால் தாழ்ந்தே இருக்கிறார்கள்.

என் அம்மாவும் அப்படித்தான். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை ஆனவர். காலை ஆழமாக மடக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பலகை அவருக்கு ஆபத்து. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது, முட்டி போட முடியவில்லையே என்று. லூக்கா 18ஆம் அதிகாரத்தில், கோவிலுக்கு ஜெபிக்கப் போன இருவரைப் பற்றி இயேசு சொன்ன உவமையை எடுத்து வாசித்துக் காட்டினேன். பரிசேயரும் நின்றார், வரிதண்டுபவரும் நின்றார். தொலைவில் நின்று, வானத்தை அண்ணாந்து பார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டவர்தான் கடவுளுக்கு ஏற்புடையவராகி வீடு திரும்பினார். “அவர் முட்டி போடவே இல்லையா?” என்று அம்மா மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

மூட்டுவலி, நரம்புச் சுருள் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள். நான் 158 செ.மீ., பின்பக்க உயரம் 19 செ.மீ. எனக்குச் சரியாக இருக்கிறது. அண்ணி என்னைவிட நல்ல உயரம். உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்னும் 2 செ.மீ. கூட இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். அவருக்கு வேறு இடத்தில் சொல்லிச் செய்யப்போகிறோம், காலுக்கு ஆரம்பத்திலேயே ரப்பர் வைத்து.